வளைவில் சாய்ந்த வண்டி

“நான் பஸ்லயே வந்துடறேங்க. நீங்க வண்டியில வாங்க.”

கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் என் மனைவி என்னிடம் சொன்னதில் என்னை அதிகம் சுட்ட வார்த்தை இதுதான். கடலூரில் மகள் வீடு. புதுச்சேரியிலிருந்து 22 கிலோமீட்டர் சொச்சம். வாசலில் கார் நிற்கிறது. அவளோ முட்டிவலிக்காரி. மீன் குழம்புத் தூக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் கை கொடுக்க, பஸ் ஏறிப் போனாள். நான் காரை எடுத்துக்கொண்டு அந்த பஸ்ஸின் பின்னாலேயே போனேன். மகள் வாசலில் நின்று, முன்னே வந்த அம்மாவையும் பின்னே வந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த வயதில் என்ன சண்டையோ என்று நினைத்திருப்பாள்.

சண்டை ஒன்றுமில்லை. எங்கள் வண்டி வளைவில் சாய்ந்தது. அவ்வளவுதான். அது சாய நான்தான் காரணம் என்று எனக்கு விளங்குவதற்குள் முக்கால் வருடம் போய்விட்டது. நம் வயதில் இன்னும் ஸ்டியரிங் பிடிப்பவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள் என்பதால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வருடம் ஓடிய சின்ன கார் அது. கூரை உயரமான வகை. தலையைக் குனியாமல் ஏறி இறங்கலாம் என்பதற்காக வாங்கியது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். கம்பெனி மேல் குற்றம் எதுவுமில்லை. வேட்டி மடிப்பு கலையாமல் கொண்டு போய்ச் சேர்க்கும் சாதுவான வண்டி.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெரு பள்ளம். காலையில் கதவைத் திறந்தால் காரின் சீட் வரை தண்ணீர். இன்சூரன்சுக்கு நான் அலைந்த கதை தனிக் கதை. வண்டி ஒரு மாதம் கழித்து வீடு வந்து சேர்ந்தபோது எனக்கு ஒரே எண்ணம்தான்: இனிமேல் இது தண்ணீரில் நிற்கக் கூடாது, இதை உயர்த்தியாக வேண்டும்.

உயர்த்திக் கொடுக்க ஆள் இருந்தார்கள். தை மாதம் ஒரு கடையில் விட்டேன். முன்பக்கம் ஷாக் அப்சார்பரின் தலைக்கு மேல் ஒரு கனமான அலுமினிய வட்டு, பின்பக்கம் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வட்டு. ஸ்பேசர் என்கிறார்கள். முன்னால் 30 மில்லிமீட்டர், பின்னால் 25. கூடவே ஒரு சைஸ் பெரிய டயர். வண்டி எழுந்து நின்றது. “எஸ்யூவி மாதிரி இருக்கு தாத்தா” என்றான் பேரன். ஒரு கணக்கு குமாஸ்தாவுக்கு எழுபத்து நாலு வயதில் கிடைத்த பாராட்டு; மார்பு கொஞ்சம் விரியத்தான் செய்தது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உத்தியோக காலத்தில் மூன்று வருடம் நான் போக்குவரத்துக் கோப்புகளைப் பார்த்தவன். வண்டியை அதன் மூல அமைப்பிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்று எத்தனையோ குறிப்பு எழுதியிருக்கிறேன். என் வண்டி என்று வந்தபோது அந்தப் பிரிவு ஞாபகத்துக்கே வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து முன்பக்கம் லொடலொட என்று சத்தம் ஆரம்பித்தது. ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் யாரோ டிக்கியில் பாத்திரம் கழுவுவது போல. தெருமுனை மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, “லிங்க் ராடு போயிடுச்சு சார். புதுசு போடணும்னா போடலாம். கழட்டிட்டாலும் வண்டி ஓடும், நெறைய பேரு அப்படித்தான் ஓட்டறாங்க” என்றான். எவ்வளவு என்றேன். ஜோடி 1,600, கூலி தனி. கழற்றுவதற்கு? 200. நான் 200-ஐத் தேர்ந்தெடுத்தேன். சத்தம் நின்றது. கழற்றிய இரண்டு கம்பிகளையும் பழைய தினசரித் தாளில் சுற்றி, மேலே தேதி எழுதி டிக்கியில் போட்டேன். எதையும் தூக்கிப் போடாத புத்தி, ஆபீசில் வந்தது.

அதன் பிறகுதான் வண்டி ஆடத் தொடங்கியது. ஆனால் அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாலை மோசம் என்று நினைத்தேன். என் கைதான் தளர்ந்துவிட்டதோ என்றும் ஒரு பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி ஏறியதும் கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். இறங்கும் வரை விட மாட்டாள். வீட்டுக்கு வந்ததும் தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொள்வாள். காது சம்பந்தப்பட்ட மயக்கமாக இருக்கலாம் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதையும் சாப்பிட்டாள்.

மே மாதம் ஒரு மத்தியானம். கன்னியக்கோயில் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். வேகம் ஐம்பதுகூட இருக்காது. இடப்பக்கமிருந்து ஒரு ஆட்டுக்குட்டி ஓடி வந்தது. வலது பக்கம் ஒடித்தேன், உடனே இடது பக்கம் திருப்பினேன். எல்லோரும் செய்வதுதான். வண்டி முதலில் இடது பக்கம் சரிந்தது. திருப்பியதும், சரிந்த வேகத்தோடு வலது பக்கம் வீசி எறிந்தது போல் சாய்ந்தது. ஒரு நொடி, இடது சக்கரங்கள் தரையில் இல்லையோ என்று எனக்குத் தோன்றியது. பிறகு மறுபடி ஒரு ஆட்டம், இன்னொரு ஆட்டம், அப்புறம்தான் நேரானது. எதிரே வந்த லாரிக்காரர் ஒதுங்கிக் கொடுத்தார். அவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

மனைவியின் தலை கண்ணாடியில் மோதி நெற்றியோரம் வீங்கியிருந்தது. அவள் அழவில்லை, திட்டவுமில்லை. “குட்டி தப்பிச்சுதா?” என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம்தான் அந்த பஸ் வார்த்தை.

அன்று இரவு படுத்தபடியே யோசித்தபோது, அறுபது வருடமாகக் காதில் விழாத ஒரு சொல் எங்கிருந்தோ வந்தது. ரூலி.

நான் பிரெஞ்சில் படித்தவன். ‘ப்ரெவே’ பரீட்சை வரை கணக்கு, பூகோளம் எல்லாமே பிரெஞ்சு. ஆனால் ரூலி என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, பெரியப்பாவிடம் கற்றேன். அவர் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பியவர். அந்நாளில் கப்பல் கடலில் தள்ளித்தான் நிற்கும். சலங்குப் படகில் போய் ஏற வேண்டும். அந்தப் பிரயாணத்தை அவர் திண்ணையில் உட்கார்ந்து உடம்பாலேயே நடித்துக் காட்டுவார். முன்னும் பின்னும் குனிந்து நிமிர்ந்து, “இது தாங்காழ், கப்பலோட மூக்கும் வாலும் ஏறி இறங்கறது” என்பார். பிறகு இடமும் வலமுமாகச் சாய்ந்து, “இது ரூலி. தாங்காழைத் தாங்கிக்கலாம், ரூலிதான் கொடலைப் புடுங்கும்” என்பார். பாரமான சரக்கையெல்லாம் கப்பலின் அடியறையில்தான் ஏற்றுவார்கள், மேல்தட்டில் ஏற்றினால் ரூலி தாளாது என்றும் சொல்வார்.

மேல்தட்டில் ஏற்றினால்! நான் செய்தது அதுதானே? கீழே இருந்த பாரத்தையெல்லாம் ஒரு அங்குலத்துக்கு மேல் தூக்கி வைத்துவிட்டேன். மீன் கூடையை இடுப்பில் வைத்துப் போகிறவள் சட்டென்று திரும்பலாம்; தலையில் வைத்தவள் நிதானமாகத்தான் திரும்ப வேண்டும். உயரம் கூடக் கூட, திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரங்கள் மேல் விழும் பாரமும் கூடும்.

அந்த அளவுக்குப் புரிந்தது. ஆனால் வண்டியை இறக்க மனம் வரவில்லை. இறக்கினால் மழைக்கு என்ன செய்வது? அதனால் இன்னொரு தப்பு செய்தேன். ஷாக் அப்சார்பர் வீக் ஆகியிருக்கும் என்று ஒருவர் சொல்ல, நாலையும் மாற்றினேன். 11,800 ரூபாய்.

பலன் கொஞ்சம் இருந்தது, அதை மறுக்கக் கூடாது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கிய பிறகு வந்த மிச்ச ஆட்டம் நின்றது. ஆனால் நீண்ட வளைவில் பழையபடிதான்: மெல்ல மெல்லச் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே நிற்கும். மனைவி ஒரு தடவை ஏறிப் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். மறுபடி பஸ்.

இங்கே என் பிரெஞ்சைக் கொஞ்சம் அவிழ்த்து விட அனுமதியுங்கள். ஷாக் அப்சார்பருக்குப் பிரெஞ்சில் ‘அமோர்த்திசர்’. உயிரை எடுப்பது, வேகத்தைச் சாகடிப்பது என்ற வேரிலிருந்து வந்த சொல். கடனைத் தவணை தவணையாக அடைத்துத் தீர்ப்பதற்கும், மேசை நாற்காலி மதிப்பை வருடா வருடம் குறைத்து எழுதுவதற்கும் அதே வேரில் ‘அமோர்த்திஸ்மான்’ என்பார்கள். கணக்கில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு அது பழகிய சொல். கடன் எவ்வளவு என்பதைத் தவணை தீர்மானிப்பதில்லை. எவ்வளவு வேகத்தில் தீரும் என்பதைத்தான் தீர்மானிக்கும். ஷாக் அப்சார்பரும் அப்படியே. சாய்வு எத்தனை வேகத்தில் வரும், வந்தது எத்தனை சீக்கிரம் அடங்கும் என்பது அதன் பொறுப்பு. நீண்ட வளைவில் கடைசியாக எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பது அதன் கையில் இல்லை. அது ஸ்பிரிங்கின் வேலை. இன்னொரு சாமானின் வேலையும்கூட. அந்த இன்னொன்றைத்தான் நான் 200 ரூபாய் கொடுத்து முடக்கி வைத்திருந்தேன்.

இது எனக்குத் தானாகத் தெரிந்ததல்ல. ஆவணி மாதம் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். என்னைவிட நாலைந்து வயது இளையவர். பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் பிரெஞ்சுப் படிப்பு என்று தெரிந்ததும் “வாங்க முசே” என்றார். எங்கள் ஊரில் இன்னும் அந்தச் சொல்லுக்கு உயிர் இருக்கிறது.

அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. முதலில் கேட்டது: “என்னென்ன போட்டீங்க, என்னென்ன கழட்டுனீங்க? எது மொதல்ல, எது அப்புறம்?”

இந்தக் கேள்விக்காகவே நான் பிறந்தவன். காருக்கென்று ஒரு ஃபைல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பில்லும் தேதி வாரியாக. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளி வந்து, 200 ரூபாய் ரசீதில் விரலை வைத்தார். “லிங்க் ராடு ரிமூவ்டுன்னு இருக்கே. ரெண்டு பக்கமுமா?”

“ஆமாம்.”

“ஐயோ முசே.”

வண்டியை ரேம்ப்பில் ஏற்றி, என்னை அடியில் கூப்பிட்டுக் காட்டினார். முன்பக்கம் குறுக்கே கட்டைவிரல் பருமனில் ஒரு கம்பி. இரண்டு முனையும் மடங்கி, ‘ப’ எழுத்தைக் கிடத்தியது போல. இதுதான் ஸ்டெபிலைசர் பார். நடுவில் இரண்டு ரப்பர் புஷ்ஷில் வண்டியின் உடம்போடு பிடித்திருக்கிறது. அதன் இரு முனைகளையும் இரு சக்கரப் பக்கங்களோடு சேர்ப்பவைதான் அந்த லிங்க் ராடுகள். அவை இல்லாததால் கம்பி எதையும் பிடிக்காமல் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறினால் அந்தக் கம்பி சும்மா சுழன்று கொடுக்கும், தடுக்காது. அதனால் ஸ்பீட் பிரேக்கரில் வண்டி கடுமையாவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொண்டு மறுபக்கச் சக்கரத்தையும் கூடவே மேலே இழுக்கும். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்வது என்றால், அந்தப் பக்கச் சக்கரம் உடம்புக்குள் ஏறுகிறது என்று அர்த்தம். கம்பி மறுபக்கத்தையும் இழுத்துக் கொடுப்பதால் உடம்பு அந்த அளவுக்குச் சாயாது. “ரெண்டு மாட்டையும் நொகத்தடி இல்லாம ஓட்டியிருக்கீங்க” என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லிவிட முடியாது.

“லிங்க் ராடு ஏன் ரெண்டே மாசத்துல போச்சு?” என்று கேட்டேன்.

“நீங்க ஒசத்துனதாலதான். வண்டிய தூக்குனா சக்கரம் கீழ எறங்குது, பாரோட கையும் கீழ இழுபடுது. லிங்க்கோட ரெண்டு நுனியிலயும் குண்டு இருக்கு பாருங்க, அது கோணலா நின்னே வேல செஞ்சிருக்கு. தேஞ்சு போச்சு. சத்தம் போட்டுச் சொல்லிச்சு. நீங்க வாய அடைச்சிட்டீங்க.”

டயர்க் காற்றையும் பார்த்தார். நாலிலும் 25 பவுண்டுதான் இருந்தது. மெத்தென்று போகட்டும் என்று நான்தான் குறைக்கச் சொல்லியிருந்தேன். உயரமான டயரில் காற்றும் குறைந்தால் பக்கச்சுவர் மடங்கும். சாய்வில் அதற்கும் ஒரு பங்கு. எவ்வளவு காற்று என்று டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஒன்பது வருடத்தில் நான் அதைப் படித்ததில்லை.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்த விஷயம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை. முதலில் லிங்க் ராடும் புஷ்ஷும் மட்டும் புதிதாகப் போட்டு, காற்றைச் சரி பண்ணி, “ஓட்டிப் பாத்துட்டு வாங்க” என்றார். ஊருக்கு வெளியே, மனை போட்டு வீடு வராத ஒரு லே-அவுட். வழியில் நாலு முனைச் சந்திப்பு அகலமாக இருக்கும். ஆளில்லாத நேரம் அதில் முப்பது வேகத்தில் வட்டமடித்தேன். அவருடைய மகன் வெளியே நின்று போனில் படம் எடுத்தான். காலையில் எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். காலையில் வண்டி ஒரு பக்கம் முட்டி மடக்கிய எருமை போல இருந்தது. இதில் ஒரு சின்னச் சாய்வு மட்டும்.

“இத்தோட விட்டுடலாமா?” என்று கேட்டேன். ஸ்பேசரைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசை.

“விட்டா ரெண்டு மாசத்துல மறுபடியும் இதே லிங்க் போகும். அப்புறம் ஆக்சில் ரப்பர். ஒங்களுக்கு வருசத்துல ரெண்டு நாள் தண்ணி. அதுக்காக மிச்ச நாளெல்லாம் கோணலா ஓட்டணுமா? நீங்களே சொல்லுங்க.”

கழற்றச் சொன்னேன். டயரை மட்டும், தேயும் வரை இருக்கட்டும், அடுத்த தடவை பழைய சைஸ் என்று விட்டோம். கடைசியில் வீல் அலைன்மென்ட்.

சாய்வதெல்லாம் ஆபத்து என்று நான் சொல்லவில்லை. 1986-ல் பிரான்சுக்குப் போயிருந்தபோது அத்தை மகன் ஒரு பழைய சித்ரோவன் ‘தெ ஷவோ’ வைத்திருந்தான். 1948 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான அந்தக் குடியானவர் வண்டி தெரியுமல்லவா? உழுத வயலில் முட்டைக் கூடையோடு போனாலும் முட்டை உடையக் கூடாது என்பது அதைச் செய்தவர்களுக்கு இடப்பட்ட நிபந்தனை. வளைவில் அது கிட்டத்தட்டப் படுத்துக்கொள்ளும். ஆனால் சக்கரம் தரையை விடாது. அதைச் செய்தவர்கள் அந்தச் சாய்வை யோசித்து, எல்லாவற்றையும் அதற்கேற்பப் பொருத்தி வைத்தார்கள். என் வண்டியின் சாய்வை யாரும் யோசிக்கவில்லை. நான் ஒன்றைப் போட்டேன், அவன் ஒன்றைக் கழற்றினான்.

ஃபைலை மூடும் முன் கணக்கைக் கூட்டினேன். ஸ்பேசர் 7,500. டயர் 21,000. கழற்றிய கூலி 200. ஷாக் அப்சார்பர் 11,800. கடைசி வேலை, லிங்க் 1,600, புஷ் 480, கூலி 2,500, அலைன்மென்ட் 600, ஆக 5,180. மொத்தம் 45,680. பெரும்பகுதிச் சாய்வைச் சரி செய்தது இதில் அந்த 1,600. பங்குனியிலேயே கொடுத்திருக்க வேண்டிய 1,600. தணிக்கையில் இப்படி ஒரு செலவு வந்திருந்தால் நானே சிவப்பு மையில் கேள்வி எழுதியிருப்பேன்.

வண்டி தயார் என்று மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. போன ஞாயிறு கடலூர் போகும் நாள். தூக்கோடு வாசலுக்கு வந்தவள் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். “எறங்கியிருக்கே” என்றாள். ஆமாம் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் முன் கதவைத் திறந்து ஏறி, தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். கைப்பிடியையும் பிடித்துக்கொண்டாள். அரியாங்குப்பம் பாலம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில். அந்த இடத்தில் நானே கொஞ்சம் மெதுவாகப் போனேன். ரெட்டிச்சாவடி தாண்டி ஒரு வளைவில் ஓரக்கண்ணால் பார்த்தேன். தூக்கு காலடியில் இருந்தது. கை மடியில் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி வரப்போகிறது. ஸ்பேசர் நாலும் பரணில் இருக்கிறது. மூன்று தெரு தள்ளி மேட்டில் குடியிருக்கும் பழைய ஆபீஸ் நண்பரிடம் பேசி வைத்திருக்கிறேன். வானிலை அறிவிப்பு வந்த அன்றே வண்டியை அவர் வீட்டு வாசலில் நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு மீன் குழம்பு பிடிக்கும்.